டீலியம், கி.மு. 424: ஏதென்ஸோட குடிமக்கள் படை ஏன் உடைஞ்சுச்சு

கிரேக்கப் போர்னு பேச்செடுத்தாலே எல்லாரும் மாரத்தான், தெர்மோபிலேனு போயிடுறாங்க, ரெண்டுலயும் எதிரி பாரசீகன், அதனால கதை சுலபமா பிடிபடும். ஆனா ஒரு ஹோப்ளைட், அதாவது சொந்தக் காசுல கேடயமும் ஈட்டியும் வாங்கிட்டு வந்து வரிசையில நின்ன குடிமகன், நிஜமா எப்படிச் சண்டை போட்டான், எந்த இடத்துல ஜெயிச்சான், எந்த இடத்துல சிதறினான்னு பாக்கணும்னா என்னைக் கேட்டா டீலியம்தான் எடுத்துப் பாக்கணும். கி.மு. 424, குளிர்காலத் தொடக்கம், ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிக்கிட்ட பெலோபொனீசியப் போரோட எட்டாவது வருஷம். ஒரே சாயங்காலத்துல ஏதென்ஸ் கிட்டத்தட்ட 1,000 ஹோப்ளைட்டுகளை இழந்துச்சு, தளபதியும் செத்தாரு. எதிர்ப்பக்கம் போயோஷியாக்காரங்க (ஏதென்ஸுக்கு வடக்க, தீப்ஸ் மாதிரி பல ஊர்கள் சேர்ந்த நாடு, ஸ்பார்ட்டாவோட கூட்டாளி), அவங்கள்ல செத்தது 500க்குக் கொஞ்சம் கம்மி. ரெண்டு பக்கமும் ஹோப்ளைட் எண்ணிக்கை கிட்டத்தட்ட சமம், அதே ஆயுதம், அதே மொழி, கும்பிடுற சாமியும் அதே சாமி. அப்புறம் ஏன் ஒரு பக்கத்துக்கு மட்டும் இப்படி ஒரு அடி?

வீரம் குறைச்சல்னு சொல்லிட்டுப் போறது ரொம்ப அநியாயம். அந்த வரிசை ஒருதடவை மோதிடுச்சுன்னா அதுக்கப்புறம் எந்தத் தளபதியாலயும் அதைத் திருப்ப முடியாது, நிறுத்தவும் முடியாது, என்ன நடக்குதுன்னு முழுசா பாக்கக்கூட முடியாது. அந்த நேரத்துலயும் ஏவி விடுறதுக்கு வரிசைக்கு வெளிய ஏதாவது ஒண்ணைக் கையில வச்சிருந்தவர் ஜெயிச்சாரு, வச்சிருந்ததை எட்ட முடியாத இடத்துல விட்டுட்டு வந்தவர் தோத்தாரு. டீலியத்தை நான் இப்படித்தான் படிக்கிறேன், ஏன்னு கீழ சொல்றேன்.

நமக்கு இந்தப் போர் இவ்வளவு விவரமா தெரியுறதுக்குக் காரணம் இந்தப் போரோட வரலாற்றை எழுதின ஏதென்ஸ்காரர் துசிடிடீஸ். அவர் டீலியத்துல இல்ல, அதே குளிர்காலத்துல வடக்க திரேஸ் பக்கம் ஒரு தளபதியா இருந்தாரு, ஆம்ஃபிபோலிஸ் ஊரை ஸ்பார்ட்டாவோட பிராசிடாஸ் பிடிச்சதைத் தடுக்க முடியாம இருபது வருஷம் நாட்டை விட்டு வெளிய இருக்க வேண்டியதாப் போச்சு. நாடு கடத்தப்பட்ட அந்தக் காலத்துல ரெண்டு பக்கத்து ஆளுங்களையும் விசாரிக்க முடிஞ்சுதுன்னு அவரே எழுதியிருக்காரு, டீலியம் பகுதியைப் படிக்கும்போது அந்த ரெண்டு பக்கப் பார்வை நல்லாவே தெரியுது.

யார் இந்த ஆளுங்க

ஹோப்ளைட்டுன்னா சம்பளத்துக்கு வருஷம் முழுக்க பேரக்ஸ்ல இருக்குற சோல்ஜர் இல்ல. திராட்சைத் தோட்டம் வச்சிருக்கிறவன், ஆலிவ் மரம் வச்சிருக்கிறவன், பட்டறை நடத்துறவன், அந்த மாதிரி கொஞ்சம் வசதி உள்ள குடும்பத்து ஆம்பளைங்க. ஏதென்ஸ்ல 18 வயசுலேர்ந்து 59 வயசு வரைக்கும் கூப்பிட்டா வரணும். சாமான் எல்லாம் அவங்கவங்க செலவு. முக்கியமான சாமான் அந்த வட்டக் கேடயம், குறுக்கே கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர், மரத்துல செஞ்சு மேல வெண்கலத் தகடு அடிச்சது, எடை 6, 7 கிலோ வரும். நடுவுல ஒரு பட்டைக்குள்ள முழங்கை வரைக்கும் கையை விட்டு, விளிம்புல இருக்குற பிடியைக் கையால பிடிக்கணும், அதனால எடை மணிக்கட்டுல தொங்காம முழங்கையில உக்காரும். ஆனா இப்படிப் பிடிச்சா கேடயத்துல பாதி உடம்புக்கு இடது பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கும், அந்தப் பாதி பக்கத்துல நிக்கிறவனுக்குத்தான் உதவும். உன் வலது பக்கம் நிக்கிறவன் ஓடிட்டான்னா உன் வலது விலா திறந்துடும். இந்த ஒரு அமைப்புலேர்ந்துதான் ஹோப்ளைட் வாழ்க்கையோட மானம், அவமானம் எல்லாமே வருது. கேடயத்தைத் தூக்கிப் போட்டுட்டு ஓடினவன்னு ஒருத்தனுக்குப் பேர் வந்துட்டா நாடக மேடை வரைக்கும் அது அவனைத் துரத்தும்.

ஈட்டி ரெண்டு, ரெண்டரை மீட்டர், அடியில ஒரு வெண்கலக் குத்து முனை. இடுப்புல ஒரு குட்டை வாள். தலைக்கவசம், கால்கவசம், மார்புக்கு வசதியைப் பொறுத்து. பின்னாடி சாமான் தூக்க ஒரு அடிமை ஆள். கேடயத்துல வரைஞ்ச சின்னம் பெரும்பாலும் அவனவன் இஷ்டம், யூனிஃபார்ம்னு ஒண்ணு கிடையாது. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி ஒரு கோரமான விஷயத்துக்கு இது வேணும்.

டிரெய்னிங் விஷயத்துல ஸ்பார்ட்டா தனி ரகம், அதை விட்டுடுவோம். ஏதென்ஸ்ல ஒரு சாதாரண ஹோப்ளைட்டுக்கு அணிவகுப்புப் பயிற்சின்னு பெருசா எதுவும் கிடையாது, உடற்பயிற்சிக் கூடம், மல்யுத்தம், நடனம், அப்பா கூட போன அனுபவம், அவ்வளவுதான். சிக்கலான உத்தரவு போட்டா இந்தப் படை குழம்பிடும்னு தளபதிகளுக்கும் தெரியும். வரிசையில நில்லு, முன்னால போ, விட்டுட்டு ஓடாத, இந்த மூணையும் அவன் செஞ்சாலே பெரிய விஷயம்.

திட்டம் நல்லாதான் இருந்துச்சு

டெமோஸ்தெனீஸ், ஹிப்போகிராட்டீஸ்னு ரெண்டு தளபதிங்க (முதல் ஆள் பின்னாடி வந்த பேச்சாளர் இல்ல, ரெண்டாவது ஆள் வைத்தியர் இல்ல, பெரிக்ளீஸோட அண்ணன் தம்பி வழியில வந்தவர்). போயோஷியாவுல ஜனநாயகம் வேணும்னு நினைச்ச சில பேர் ரகசியமா கை கோத்தாங்க. ஒரே நாள்ல மூணு இடம்: மேற்குக் கடலோரத்துல சிஃபே துறைமுகம் டெமோஸ்தெனீஸ் கைக்கு வரும், வடமேற்குல கேரோனியா உள்ளிருந்தே திறக்கும், கிழக்குல யூபியா தீவுக்கு எதிர்க்கரையில இருக்குற டீலியத்துல அப்போலோ கோயிலை ஹிப்போகிராட்டீஸ் கோட்டையா மாத்துவாரு. மூணு பக்கமும் தீ பிடிச்சா போயோஷியாக்காரங்க ஒரே இடத்துல ஒண்ணு சேர முடியாது. அதாவது ஏதென்ஸோட நோக்கமே ஒரு பெரிய ஹோப்ளைட் போரைத் தவிர்க்கிறதுதான்.

தேதியில குளறுபடி ஆயிடுச்சு, டெமோஸ்தெனீஸ் கப்பலோட முன்னாடியே போய் நின்னாரு. போதாக்குறைக்கு ஃபோகிஸ் நாட்டு ஆள் ஒருத்தன், நிக்கோமாக்கஸ்னு பேரு, ஸ்பார்ட்டாவுக்குத் தகவல் சொல்லி, ஸ்பார்ட்டா போயோஷியாவுக்குச் சொல்லி, சிஃபேயும் கேரோனியாவும் காவல் போட்டு மூடியாச்சு. ஹிப்போகிராட்டீஸ் கிளம்பினப்போ மத்த ரெண்டு பக்கமும் ஏற்கனவே செத்துப் போன திட்டம்.

அவர் கூட்டிட்டு வந்தது ஊரையே. குடிமக்கள், குடியேறி வாழ்றவங்க, அந்த நேரத்துல ஏதென்ஸ்ல இருந்த வெளியூர்க்காரங்க, எல்லாரையும். 7,000 ஹோப்ளைட்டு, அது போக ஆயுதமே சரியா இல்லாத பெரிய கூட்டம். போர் ஆரம்பிச்சப்போ, கி.மு. 431ல, ஏதென்ஸ் களத்துல இறக்கக்கூடிய ஹோப்ளைட்டு 13,000னு கணக்கு, அதுக்கப்புறம் கொள்ளை நோய்ல மட்டும் 4,400 ஹோப்ளைட்டுங்க செத்துருந்தாங்க. அப்படின்னா டீலியத்துக்குப் போனது மிச்சம் இருந்த படையில பெரும்பகுதி.

கோட்டை கட்டின விதம் சுவாரஸ்யமானது. கோயிலைச் சுத்தி அகழி வெட்டுறாங்க, வெட்டின மண்ணை உள்பக்கம் குவிச்சு மதில், அதுல கட்டைகளை ஊனி, கோயிலைச் சுத்தி இருந்த திராட்சைக் கொடியை வெட்டிப் போட்டு, பக்கத்துல இடிஞ்சு கிடந்த வீடுகள்லேர்ந்து கல்லும் செங்கலும் பெயர்த்து அடைச்சு, தேவைப்பட்ட இடத்துல மரக் கோபுரம். ஊர்லேர்ந்து கிளம்பின மூணாவது நாள் ஆரம்பிச்சு அஞ்சாவது நாள் சாப்பாட்டு நேரத்துக்குள்ள பெரும்பாலும் முடிச்சுட்டாங்க. இங்கதான் இந்தப் படையோட பலம் தெரியுது, இவங்க எல்லாரும் மண்ணு வெட்டிப் பழகின கை.

வேலை முடிஞ்சதும் படை வீட்டுக்குக் கிளம்புது. சுமார் 2 கிலோமீட்டர் தெற்க வந்து ஹோப்ளைட்டுங்க இளைப்பாற உக்காந்தாங்க, ஆயுதம் இல்லாத கூட்டம் நிக்காம அப்படியே ஊரைப் பாத்துப் போயிடுச்சு. ஹிப்போகிராட்டீஸ் மட்டும் காவல் ஏற்பாடு பண்ண டீலியத்துலயே இருந்தாரு. தளபதி ஒரு இடத்துல, படை இன்னொரு இடத்துல.

பகோண்டாஸ்

அதுக்குள்ள போயோஷியா ஊர்கள் எல்லாம் தனாக்ராவுல கூடிடுச்சு. மொத்தம் 11 தலைவர்கள், அதுல 10 பேர் சண்டை வேணாம்னு சொல்றாங்க, ஏதென்ஸ்காரன்தான் எல்லையைத் தாண்டப் போறானே, விட்டுடலாம்னு. அன்னைக்கு தலைமைப் பொறுப்புல இருந்தவர் தீப்ஸ் ஊர் பகோண்டாஸ். அவர் தனித்தனியா ஒவ்வொரு ஊர் ஆளுங்களையும் கூப்பிட்டுப் பேசுறாரு, எல்லாரும் ஒரே நேரத்துல ஆயுதத்தைக் கீழ வச்சுட்டு வந்துடக் கூடாதுன்னு. நம்ம நாட்டுல கோட்டை கட்டிட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் உக்காந்துட்டா அவன் எதிரி இல்லன்னு ஆயிடுமா, இப்ப விட்டா திரும்பவும் வருவான், முன்னாடி கொரோனியாவுல இவங்களைத்தானே நம்ம ஜெயிச்சோம்னு அவர் வாதம். கி.மு. 447ல நடந்த அந்த கொரோனியா போர்லதான் போயோஷியா ஏதென்ஸ் பிடியிலேர்ந்து வெளிய வந்துச்சு, அதை ஞாபகப்படுத்தினது வேலை செஞ்சுச்சு. பொழுது சாயுற நேரம், இருந்தாலும் உடனே கிளப்பிட்டாரு.

ஒரு குன்றுக்குப் பின்னாடி வந்து நின்னாரு. ரெண்டு படையும் ஒண்ணை ஒண்ணு பாக்க முடியாத இடம். அங்கேயே அணிவகுத்தாச்சு: 7,000 ஹோப்ளைட்டு, 10,000க்கு மேல லைட் ஆயுதக்காரங்க, 1,000 குதிரை, 500 எறியீட்டிக்காரங்க. வலது பக்கம் தீப்ஸ், நடுவுல ஹாலியார்ட்டஸ், கொரோனியா, கோப்பே மாதிரி ஏரிக்கரை ஊர்கள், இடது பக்கம் தெஸ்பியா, தனாக்ரா, ஓர்கோமெனஸ். தீப்ஸ்காரங்க 25 பேர் ஆழத்துக்கு, அதாவது ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா 25 பேர், நின்னாங்க, மத்த ஊர்க்காரங்க அவங்கவங்க இஷ்டம். இந்த "அவங்கவங்க இஷ்டம்" ரொம்ப முக்கியமான தகவல், இது ஒரே படை இல்ல, பல ஊர்ப் படைகள் பக்கத்துல பக்கத்துல நின்ன ஒரு கூட்டு.

ஏதென்ஸ் 8 ஆழம். 7,000 பேரை 8 ஆழத்துக்கு நிறுத்தினா முன்வரிசையில 870, 880 பேர் வருவாங்க, ஆளுக்கு ஒரு மீட்டர்னு வச்சாலும் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கிட்ட வருது. மைக் இல்லாத காலத்துல அந்த நீளத்துக்கு ஒரு மனுஷன் நடந்து நடந்து பேசணும். தகவல் கேட்டு ஓடி வந்த ஹிப்போகிராட்டீஸ், 300 குதிரையை டீலியத்துலயே விட்டுட்டு வந்தாரு, காவலுக்கும் ஆச்சு, சமயம் பாத்து பின்னாடி அடிக்கவும் ஆச்சுன்னு. பகோண்டாஸ் அதைத் தடுக்கத் தனியா ஒரு பிரிவை அனுப்பிட்டாரு. ஹிப்போகிராட்டீஸ் பேசிக்கிட்டே பாதிப் படை தூரம்தான் வந்தாரு, அதுக்குள்ள குன்று மேலேர்ந்து போர்ப்பாட்டு கேக்குது.

மோதல்

ஏதென்ஸ்காரங்களும் ஓட்டமா எதிர்கொண்டு போனாங்க. ரெண்டு ஓரத்துலயும் ஓடைப் பள்ளம், அதனால ரெண்டு படையோட ஓரப் பகுதிகளும் கடைசி வரைக்கும் மோதவே இல்ல. நடுவுல மட்டும் கேடயத்தோட கேடயம் தள்ளுற பிடிவாதமான சண்டை.

இந்தத் தள்ளலைப் பத்தி அறிஞர்களுக்குள்ள பல வருஷமா சண்டை ஓடுது. எல்லா வரிசையும் முதுகுல கேடயத்தை வச்சு நிஜமாவே ஒரே மொத்தையா தள்ளினாங்களா, இல்ல "தள்ளிட்டாங்க"ங்கிறது பொதுவா பின்வாங்க வச்சாங்கன்னு சொல்றதா? எனக்குப் படுறது, ஆரம்பத்துல ஈட்டிக் குத்து, அப்புறம் இடைவெளி குறுகக் குறுக சில இடங்கள்ல நிஜமாவே உடம்போட உடம்பு நெருக்கினது. தேர்த் திருவிழாக் கூட்டத்துல முன்னாடி என்ன நடக்குதுன்னே தெரியாம பின்னாடி இருக்குறவன் முட்டுறதும் நடுவுல மாட்டினவன் கையைக்கூட தூக்க முடியாம நிக்கிறதும் பாத்தவங்களுக்கு 25 ஆழம்னா என்னன்னு புரியும். தீப்ஸ் பக்கம் ஏதென்ஸ்காரங்க ஒரேயடியா உடையல, கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி போனாங்கன்னு துசிடிடீஸ் எழுதுறாரு. எட்டு பேர் ஆழம் இருபத்தஞ்சு பேர் ஆழத்துக்கு எதிரா, அதுவும் மேட்டுலேர்ந்து இறங்கி வர்றவனுக்கு எதிரா, கொஞ்சம் கொஞ்சமாதான் விட்டுக் கொடுத்தாங்கன்னா அது சாதாரணப் பிடிப்பு இல்ல.

மறுபக்கம் கதையே வேற. போயோஷியாவோட இடது பக்கம் நடு வரைக்கும் ஏதென்ஸ்கிட்ட தோத்துச்சு. அங்க அதிகமா அடி வாங்கினது தெஸ்பியாக்காரங்க. பக்கத்துல நின்ன ஊர்க்காரங்க பின்வாங்கிட்டாங்க, தெஸ்பியாக்காரங்க பின்வாங்கல, அதனால சின்ன இடத்துக்குள்ள வளைச்சு மாட்டி கைகலப்புல வெட்டுப்பட்டே செத்தாங்க. மேல சொன்ன அந்தத் திறந்த விலா ஒரு ஆளுக்கு நடந்தா எப்படியோ, இங்க ஒரு ஊருக்கே நடந்துச்சு.

அந்த வளைப்புலதான் அந்தக் கோரம். சுத்தி வளைச்ச ஏதென்ஸ்காரங்க மறுபக்கமா வந்த தங்களோட சொந்த ஆளுங்களையே அடையாளம் தெரியாம கொன்னாங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கேடயம், ஒரே மாதிரி தலைக்கவசம், மூஞ்சி பாதி மூடியிருக்கு, புழுதி, சாயங்கால வெளிச்சம், பொதுவான சின்னம் இல்ல. நேர் வரிசையா நிக்கிற வரைக்கும் எதிர்ல இருக்குறவன் எதிரின்னு தெரியும், வரிசை வளைஞ்ச உடனே அந்த ஒரே அடையாளமும் போயிடுது. ஜெயிச்சதனாலயே வந்த ஆபத்து இது.

இப்பத்தான் பகோண்டாஸ் செஞ்ச காரியம். இடது பக்கம் உடையுறதைப் பாத்து ரெண்டு குதிரைப் பிரிவைக் குன்றைச் சுத்தி கண்ணுல படாம அனுப்புறாரு. அவங்க திடீர்னு மறைவுலேர்ந்து வெளிப்பட்டதும், ஜெயிச்சுக்கிட்டிருந்த ஏதென்ஸ் வலது பக்கம் இன்னொரு படையே வருதுன்னு நினைச்சு பீதியில கலைஞ்சுச்சு. அந்தக் குதிரைங்க எத்தனை பேரைக் கொன்னுச்சுங்கிறது விஷயமே இல்ல, பாத்த மாத்திரத்துல வேலை முடிஞ்சுடுச்சு. வலதுல பீதி, இடதுல தீப்ஸ் தள்ளி வரிசையைக் கிழிக்குது, ரெண்டும் சேர்ந்து மொத்தப் படையும் ஓட ஆரம்பிச்சுச்சு. சில பேர் டீலியம் கடற்கரைக்கு, சில பேர் ஓரோப்பஸுக்கு, சில பேர் பார்னெஸ் மலைப் பக்கம். போயோஷியா குதிரைப்படையும் அந்த நேரத்துக்குச் சரியா வந்து சேர்ந்த லோக்ரிஸ் குதிரைங்களும் துரத்தித் துரத்தி வெட்டினாங்க. ராத்திரி வந்ததாலதான் மிச்சப்பேர் பொழைச்சாங்க.

ஓடினவங்கள்ல சாக்ரடீஸும் இருந்தாரு, அப்ப அவருக்கு வயசு 45 பக்கம். பிளேட்டோ எழுதினதுல சாக்ரடீஸோட நண்பர் அல்சிபியாடீஸ் அதைச் சொல்றாரு, அவர் குதிரைமேல இருந்ததால பயமில்லாம கவனிக்க முடிஞ்சுதாம். லாக்கீஸ்ங்கிற ஏதென்ஸ் தளபதியும் சாக்ரடீஸும் சேர்ந்து பின்வாங்குறாங்க, சாக்ரடீஸ் அவசரப்படாம, நம்ம ஆளு யாரு எதிரி யாருன்னு நிதானமா பக்கவாட்டுல பாத்துக்கிட்டே நடக்குறாரு, கிட்ட வந்தா திருப்பி அடிப்பான்னு தூரத்துலேர்ந்தே தெரியுற மாதிரி. பெருமைக்காகச் சொன்ன கதைன்னு இதை ஒதுக்க வேண்டியதில்ல, இதுல ஒரு நடைமுறை உண்மை இருக்கு. துரத்துறவன் முதுகு காட்டி ஓடுறவனைத்தான் தேடுவான், கேடயத்தோட ரெண்டு மூணு பேர் சேர்ந்து நடந்தா விட்டுட்டு அடுத்த ஆளைப் பாப்பான். ஹோப்ளைட் போர்ல பெரும்பாலான சாவு மோதல்ல வர்றதில்ல, ஓட்டத்துலதான் வருது.

எங்க தப்பு நடந்துச்சு

ஏதென்ஸுக்கு லைட் ஆயுதக்காரங்களோட மதிப்பு தெரியாதுன்னு சொல்லவே முடியாது. டெமோஸ்தெனீஸ் கி.மு. 426ல ஏட்டோலியா மலையில எறியீட்டிக்காரங்ககிட்ட அடி வாங்கினவர், அடுத்த வருஷமே ஸ்ஃபாக்டீரியா தீவுல அதே வித்தையை ஸ்பார்ட்டா ஹோப்ளைட்டுங்க மேல போட்டு சரணடைய வச்சவர். அந்தப் பாடம் படிச்சு ஒரு வருஷம்தான் ஆகுது. இருந்தும் டீலியத்துல ஒழுங்கா ஆயுதம் போட்ட லைட் படை ஒண்ணுகூட இல்ல, ஏதென்ஸ் அப்படி ஒரு படையை வச்சிருக்கவே இல்லன்னு துசிடிடீஸ் நேரடியா சொல்றாரு. வந்த கூட்டம் மண்ணு சுமக்க வந்த கூட்டம், அதுவும் முன்னாடியே கிளம்பிப் போயிடுச்சு. குன்றுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு போய்ப் பாக்க நாலு பேர் இருந்திருந்தா அந்தக் குதிரைங்க வந்தது அதிர்ச்சியா இருந்திருக்காது.

300 குதிரையை டீலியத்துல விட்டதை நான் முழுத் தப்புன்னு சொல்ல மாட்டேன், யோசனை சரிதான், பின்னாடியிருந்து அடிக்கிற எண்ணம் இருந்துச்சு. ஆனா 2 கிலோமீட்டர் தள்ளி இருக்குற படைக்கு சண்டை நடுவுல உத்தரவு எப்படிப் போகும்? பகோண்டாஸோட ரெண்டு பிரிவும் அவர் கைக்கெட்டுற தூரத்துல இருந்துச்சு. அவர் நினைச்சதும் அது நகர்ந்துச்சு.

பிணமும் தண்ணியும்

போர் முடிஞ்சா தோத்த பக்கம் தூதன் அனுப்பி பிணத்தைக் கேக்கணும், ஜெயிச்ச பக்கம் கொடுக்கணும், இது கிரேக்கர்கள் மத்தியில மீறக்கூடாத வழக்கம். இங்க மீறினாங்க. கோயிலைக் கோட்டையாக்கி, பூஜைக்கு மட்டும் தொடுற தண்ணியை எடுத்துக் குடிச்சீங்க, முதல்ல கோயிலை விட்டு வெளிய போங்க, அப்புறம் பிணத்தைத் தர்றோம்னு போயோஷியா. நாங்க பிடிச்ச நிலத்துல கோயிலும் எங்களோடதுதான், தண்ணி எடுத்தது அவசரத்துக்கு, பிணத்தை வச்சு பேரம் பேசுற நீங்கதான் பெரிய பாவம் பண்றீங்கன்னு ஏதென்ஸ். இதுல ஏதென்ஸ் பக்கம்தான் நியாயம்னு எனக்குத் தோணுது, கோயிலைத் தீட்டாக்கினது தப்பாவே இருந்தாலும் செத்தவங்க குடும்பம் அதுக்கு என்ன பண்ணும்?

போர் முடிஞ்சு 17வது நாள்தான் பிணம் கிடைச்சுது, அதுவும் டீலியம் விழுந்ததால. அது விழுந்த விதத்தைச் சொல்லியே ஆகணும். ஒரு பெரிய உத்தரத்தை நீளவாக்குல ரெண்டா அறுத்து, உள்ள முழுக்கக் குடைஞ்சு, திரும்பச் சேர்த்து ஒரு குழலாக்குறாங்க. ஒரு முனையில சங்கிலி போட்டு ஒரு கொப்பரை, குழல்லேர்ந்து அதுக்குள்ள இறங்குற இரும்பு மூக்கு, மரத்து மேல பெரும்பகுதிக்கு இரும்புத் தகடு. வண்டியில ஏத்தி, மதில்ல கொடியும் கட்டையும் அதிகமா அடைச்சிருந்த இடமா பாத்துக் கொண்டு போய், இந்தப் பக்க முனையில பெரிய துருத்தியை மாட்டி ஊதுறாங்க. கொப்பரையில கனல் கரி, கந்தகம், கீல். மூணு நாள்ல கையால கட்டின மதில் பத்தி எரிஞ்சுது, உள்ள யாரும் நிக்க முடியல. 200 பேர் பிடிபட்டாங்க, கொஞ்சப் பேர் செத்தாங்க, மிச்சப்பேர் கப்பல்ல தப்பிச்சாங்க.

தெஸ்பியாவுக்கு நடந்தது

அடுத்த கோடையில, கி.மு. 423ல, தீப்ஸ் தெஸ்பியாவோட மதிலை இடிச்சுச்சு, நீங்க ஏதென்ஸ் பக்கம் சாயுறீங்கன்னு காரணம் சொல்லி. ரொம்ப நாளாவே இடிக்கணும்னு இருந்தாங்களாம், இப்ப சுலபமாயிடுச்சு, ஏன்னா தெஸ்பியாவோட சிறந்த இளைஞர்கள் எல்லாம் ஏதென்ஸுக்கு எதிரான போர்ல செத்துட்டாங்க. தீப்ஸோட ஒரே வரிசையில நின்னு, பின்வாங்காம, கூட்டணிக்காக உயிரைக் கொடுத்த ஊருக்கு ஒரு வருஷத்துக்குள்ள கிடைச்சது இது. அவங்களோட கூட்டுக் கல்லறையா பெரும்பாலானவங்க கருதுற இடத்தை 19ஆம் நூற்றாண்டுல தோண்டினப்போ ஒரு பெரிய கல் சிங்கமும் பேர் வெட்டின கற்களும் கிடைச்சுது.

கி.மு. 371ல லூக்ட்ராவுல எபாமினோண்டாஸ் தீப்ஸ் படையை 50 ஆழத்துக்கு நிறுத்தி ஸ்பார்ட்டாவை உடைச்சதைத்தான் எல்லாரும் பெரிய கண்டுபிடிப்புன்னு கொண்டாடுறாங்க. ஒரு பக்கத்தை மட்டும் ஆழமா நிறுத்துறது, குதிரைப்படையைச் சரியான நேரத்துல ஏவுறது, ரெண்டுமே 53 வருஷம் முன்னாடி பகோண்டாஸ் டீலியத்துல செஞ்சு காட்டினதுதான். அந்த லூக்ட்ராவுல சண்டைக்கு முன்னாடி விருப்பமில்லாத போயோஷியாக்காரங்க போகலாம்னு எபாமினோண்டாஸ் சொன்னப்போ மொத்தமா கிளம்பிப் போனவங்க தெஸ்பியாக்காரங்க.